கோப்பெங்கில் ஐந்து நாள்: ஆறு, குகை, திடல்

முதல் நாள், புதன்கிழமை இரவு

தீபாவளி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அண்ணி வீட்டு முறுக்கு டின்கள் இன்னும் பாதி நிறைந்தே இருக்கின்றன. திருச்சியிலிருந்து வந்திருக்கும் என் மைத்துனரின் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு இன்று பிற்பகல் கிள்ளானிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சிற்றூரான கோப்பெங் வந்து சேர்ந்தேன். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் பார்த்தாயிற்று, பத்துமலையின் 272 படிகளும் ஏறியாயிற்று. “மாமா, இதெல்லாம் பார்க்கிற இடம். நாங்கள் கேட்டது பயப்படுகிற இடம்” என்று மருமகன் சொன்ன பிறகுதான், பிறந்த ஊருக்கே இவர்களைக் கூட்டிப் போனால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

ஈப்போ மாநகரைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைக் காப்பி குடித்து, சுவரோவியங்களின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர்களில் நெஞ்சு படபடக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் மட்டும் தெற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் சிற்றூருக்கு வருகிறார்கள். கோப்பெங் முதலில் வெள்ளீயத்தால் வளர்ந்த ஊர். மலையிலிருந்து பெரிய குழாய்களில் நீரை இறக்கி, அதன் அழுத்தத்தால் மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்தார்கள். சுற்றிலும் ரப்பர் தரும் பால்மரத் தோட்டங்கள் இருந்தன. இப்போது அவற்றில் பெரும்பகுதி எண்ணெய்ப் பனையான செம்பனை. நான் பிறந்த லயன் வீட்டின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், அடையாளமாக ஒரு மாமரம் மட்டும் நிற்கிறது.

என் சிறுவயதில் எங்களுக்கு இரண்டு இடங்கள் கண்டிப்பாக விலக்கப்பட்டிருந்தன. ஒன்று கம்பார் ஆறு, மற்றொன்று தெம்புருங் குகை. ஆற்றில் இறங்கியதற்காக அம்மாவிடம் நான் வாங்கிய அடிகளுக்குக் கணக்கே இல்லை. “அதே இரண்டு இடத்துக்கும் இப்போது காசு கட்டிப் போகிறாயா?” என்று அண்ணன் சிரித்தார். மாலையிலிருந்து மழை விடாமல் பெய்கிறது. நாளைக் காலைப் படகுப் பயணம் நடக்குமா என்று பதிவு செய்த இடத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். “பிரச்சினையே இல்லை, வாருங்கள்” என்றார்கள். அண்ணன் அதற்கும் சிரித்தார்.

இரண்டாம் நாள், வியாழக்கிழமை இரவு

எழுதும்போதே இடது தோள் வலிக்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

காலை ஏழரைக்குப் பசியாறிவிட்டு ஆற்றங்கரைக்குப் போனோம். வெயில் அடித்தது, வானத்தில் மேகமே இல்லை. ஆனால் ஆறு, நுரைக்க ஆற்றிய பால் தேநீரான தே தாரிக்கின் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் இந்த மலைப்பகுதியின் பூர்வகுடிகளான செமாய் இனத்து இளைஞர். ஒல்லியான உடல், அதிகம் பேசாத வாய். அவர் காற்றடைத்த ரப்பர்ப் படகைத் தண்ணீரில் இறக்காமல் கரையில் குந்தி உட்கார்ந்துவிட்டார். நடு ஆற்றில் இருந்த ஒரு பாறையைச் சுட்டிக்காட்டி, அதன் தலை வெளியே தெரிந்து, தலைக்குக் கீழே ஒரு சாண் அளவு ஈரத்தடம் தெரிந்தால்தான் இறங்கலாம் என்று மலாயில் சொன்னார். அப்போது பாறையின் உச்சியைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.

மலாயில் இதற்கு ‘கெப்பாலா ஆயர்’ என்று பெயர். நீரின் தலை என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத தொலைவில், திதிவங்சா மலைத்தொடரில் பெய்த மழை ஒரே திரளாகக் கீழே இறங்கி வரும்போது, கீழே குளித்துக்கொண்டிருப்பவர்களின் தலைமேல் வெயில்தான் காய்ந்துகொண்டிருக்கும். முதலில் சுள்ளிகளும் சருகுகளும் நுரையும் மிதந்து வரும், தெளிந்திருந்த நீர் திடீரென்று கலங்கும், மண்வாசனை எழும், பிறகு இரைச்சல் கேட்கும், அது கேட்கும்போது ஓடுவதற்கு நேரம் இருக்காது. “தண்ணி கலங்கினா கேள்வி கேக்காம கரையேறு” என்று அம்மா எங்களுக்குச் சொல்லி வைத்ததும் இதைத்தான்.

பத்து மணிக்குள் அவருடைய கைப்பேசி மூன்று முறை ஒலித்தது. அடுத்தடுத்த குழுக்கள் காத்திருப்பதாகவும் உடனே இறங்கும்படியும் அலுவலகத்திலிருந்து சொல்கிறார்கள் என்பது, எதிர்முனையின் குரல் எங்களுக்கே கேட்டதால் விளங்கியது. அவர் “பெலும்” என்ற ஒரே சொல்லை, ‘இன்னும் இல்லை’ என்பதை, மூன்று முறையும் ஒரே குரலில் சொன்னார். இப்படிப்பட்ட பயணத்துக்குப் பதிவு செய்கிறவர்கள் படகின் நிறத்தையும் மதிய உணவையும் பற்றிக் கேட்கிறார்கள். இறங்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை படகோட்டிக்கு உண்டா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.

பதினொன்றரைக்குப் பாறை தலையைக் காட்டியது. இறங்கும் முன் பாடம் நடந்தது. துடுப்பின் மேல்முனையில் இருக்கும் குறுக்குப்பிடியை ஒரு கை விடவே கூடாது. விட்டால் அது பக்கத்தில் இருப்பவரின் பல்லைத் தட்டிவிடும். படகின் விளிம்பில் அமர்ந்து, குறுக்கே இருக்கும் காற்றுக் குழாயின் அடியில் பாதத்தைச் செருகிக்கொள்ள வேண்டும். விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கால்விரல்களை நீருக்கு மேலே காட்டியபடி மிதக்க வேண்டும். எழுந்து நிற்க முயலக் கூடாது; இடுப்பளவு நீர்தானே என்று நின்றவரின் கால் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் ஓட்டம் அவரை முகங்குப்புறத் தள்ளி அப்படியே அழுத்திவிடும்.

ஆற்று நீர்ப்பாய்ச்சல்களை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். கம்பார் ஆற்றில் பொதுவாக 1 முதல் 3 வரைதான் என்று படித்துவிட்டு ஏமாற்றத்தோடு வந்திருந்த மருமகன், முதல் பாய்ச்சலிலேயே அந்த எண்ணத்தை விழுங்கிவிட்டான். எனக்குப் பிடித்தது, அடுத்த பாய்ச்சலுக்கு முன்னால் அந்த இளைஞர் தண்ணீரைப் படித்துக் காட்டிய விதம். நீரின் மேற்பரப்பில் தெரியும் கூம்பின் முனை நம்மை விட்டு விலகிக் கீழ்த்திசையை நோக்கி இருந்தால் அது ஆழமான வழி. முனை நம்மை நோக்கி இருந்தால் அங்கே ஒரு பாறை மறைந்திருக்கிறது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு, வெறும் நுரையாகத் தெரிந்த ஆற்றில் வழியும் தடையும் தனித்தனியே தெரியத் தொடங்கின.

தெரிந்து என்ன பயன்? ஒரு வளைவில் படகு பெரிய பாறையொன்றில் பக்கவாட்டாக மோதி நின்றது. அப்படி மோதினால் எல்லாரும் பாறைப் பக்கமாகவே பாய்ந்து சாய வேண்டும், அப்போதுதான் எதிர்ப்பக்க விளிம்பு நீரில் அமிழாது என்று கரையிலேயே சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் பாறையை நோக்கிப் பாய்ந்தார்கள். ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக எதையாவது மோதப் போனால் விலகியே பழகிய என் உடம்பு விலகியது; விலகிய பக்கத்தில் ஆறுதான் இருந்தது.

நீருக்கடியில் நான் கேட்ட ஓசையை இதற்கு முன் எங்கும் கேட்டதில்லை. மேலே இரைச்சல், உள்ளே அது அடங்கி, ஆற்றின் படுகையில் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உரசி உருளும் ‘கிடுகிடு’ ஒலி, பல்லாங்குழிக் காய்களைக் கையில் குலுக்கினாற்போல. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு விநாடிதான் என்று மருமகள் சொல்கிறாள். மேலே வந்ததும் கால்களை முன்னே நீட்டினேன். தோள் ஒரு கல்லில் இடித்தது. மிதவைச் சட்டையின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து, பின்னால் சாய்ந்து, அந்த ஒல்லி இளைஞர் என்னை மூட்டைபோல் படகுக்குள் இழுத்துப் போட்டார். “பாகுஸ்” என்றார், நன்று என்று பொருள். எது நன்று என்று கேட்டேன். நான் எழுந்து நிற்க முயலவில்லையாம்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை இரவு

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கோப்பெங்கை நெருங்கும்போது பார்க்கும் சுண்ணாம்புக் குன்றுகளின் வயிற்றில்தான் தெம்புருங் குகை இருக்கிறது. தெம்புருங் என்றால் சிரட்டை. உள்ளே வரிசையாக அமைந்த ஐந்து பெரிய கூடங்களின் கூரைகள் கவிழ்த்த சிரட்டைகளைப் போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். குகையின் நீளம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல்; உள்ளேயே ஓர் ஆறு ஓடுகிறது. படிக்கட்டும் விளக்கும் போட்ட வழியில் முக்கால் மணி நேரம் நடந்து திரும்பும் எளிய சுற்றும் உண்டு. மேலே ஏறி, கீழே இறங்கி, ஆற்றோடு தவழ்ந்து வெளியே வரும் நீண்ட சுற்றும் உண்டு. நீண்ட சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கும். மழை பெய்து உள்ளாற்றில் நீர் ஏறினால் அதை மூடிவிடுவார்கள். நேற்றிரவு மழை இல்லை. நீண்டதற்கே சீட்டு வாங்கினோம்.

காய்ந்த பகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளும், கீழிருந்து எழும் கூம்புகளும், உருகிய நெய் வழிந்து உறைந்தாற்போன்ற பாறைத்திரைகளும் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் என் கண் நின்ற இடம் வேறு. ஒரு கூடத்தின் கூரையில் கறுப்பாக ஓடிய கோட்டை வழிகாட்டி விளக்கடித்துக் காட்டினார். ஈயத்தாதுவின் நரம்பு அது. இவ்வளவு உயரத்திலும் அதைத் தோண்டப் பார்த்தவர்களின் சுவடுகள் உள்ளே இருக்கின்றன. எதன்மேல் நின்று, எந்த விளக்கில் தோண்டினார்கள் என்று கேட்டேன். வழிகாட்டி உதட்டைப் பிதுக்கினார்.

ஆங்கிலேயர் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அறிவித்து, 1948 முதல் 1960 வரை மலாயாவில் நீடித்த அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுப் போராளிகள் இந்தக் குகையில் பதுங்கியிருந்தார்கள். அந்த நாள்களில் தோட்டத்து லயன்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, காலையில் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் சோற்றுத் தூக்கைக்கூட வாசலில் திறந்து பார்த்து, காட்டுக்கு அரிசி போகிறதா என்று சோதித்தார்கள் என்று தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். குகை என்ற சொல்லைச் சொன்னாலே அவர் குரல் தணியும். எங்களுக்கு அது விலக்கப்பட்டது இருட்டினால் மட்டும் அல்ல என்பதை நான் பெரியவனான பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

உச்சிக் கூடத்தைத் தொட்டுவிட்டு இறங்கும்போதுதான் இந்தச் சுற்று தன் குணத்தைக் காட்டுகிறது. வழவழப்பான பாறைச்சரிவில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்க வேண்டும். என் கால்சட்டையின் பின்பக்கம் அங்கேயே கிழிந்தது. கீழே ஆறு. முழங்கால் அளவு, இடுப்பளவு, பிறகு கூரை தாழ்ந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் நீருக்கும் பாறைக்கும் நடுவே தலைக்கவசம் நுழையும் அளவு மட்டுமே இடைவெளி இருந்தது. அந்த வழியில் வயிற்றால் ஊர்ந்து போக வேண்டும்.

நேற்று ஆற்றில் கூவிக் கூத்தாடிய மருமகன் அங்கே நின்றுவிட்டான். முகத்தில் பயம் தெரியவில்லை. ஏதோ மறந்துவிட்டதை நினைவுபடுத்திக்கொள்கிறவன்போல் நின்றான். “போகலாம் மாமா, போகலாம்” என்று வாய் சொல்லியது, கால் நகரவில்லை. வழிகாட்டி அவசரப்படுத்தவில்லை, திரும்பிப் போகவும் வழி உண்டு என்றார். நேற்றெல்லாம் வாய் திறக்காமல் இருந்த மருமகள் தண்ணீரில் குப்புறப் படுத்து, “அண்ணா, என் கணுக்காலைப் பிடிச்சுக்கோ. நான் நகர்ந்தா நீ நகரு. மேல பாக்காத” என்றாள். அவன் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் நான், என் விளக்கு வெளிச்சத்தில் அவனுடைய விரல்களை மட்டுமே பார்த்துக்கொண்டு, வலிக்கிற தோளை ஊன்றாமல் ஒரே முழங்கையால் நகர்ந்தேன். அந்த இடுக்கின் நீளம் பத்தடிகூட இருக்காது. வெளியே வந்து பார்த்தபோது மருமகளின் கணுக்காலில் நான்கு விரல்தடம் சிவந்திருந்தது.

போகிறவர்களுக்கு ஒரு சொல்: கிழிந்தாலும் கவலைப்படாத நீளக் கால்சட்டையும், நீர் வடியும், கயிறு கட்டும் காலணியும் போட்டுக்கொள்ளுங்கள். செருப்போடு வந்த ஒரு குடும்பம் பாதியில் திரும்பியது.

நான்காம் நாள், சனிக்கிழமை இரவு

உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்ததால், இன்று அடுத்தவர் ஓடுவதை உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. வழியில் பத்து காஜாவுக்குப் பக்கத்தில் கெல்லி மாளிகையில் அரை மணி நேரம் இறங்கினோம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டு கட்டத் தொடங்கி, 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்ததால் முடியாமல் நின்ற கட்டடம். பேய் உலவுகிறது என்று கேள்விப்பட்டு வந்த பிள்ளைகளுக்குப் பேய் கிடைக்கவில்லை, நல்ல காற்று கிடைத்தது.

ஈப்போவில் குதிரைப் பந்தயமும் பார்க்கலாமே என்று மருமகன் கேட்டான். சம்பள நாளன்று தோட்டத்து ஆண்களில் சிலர் பந்தயச் சீட்டோடு வெறுங்கையராய்த் திரும்பி வந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பரபரப்பை இந்தப் பயணத்தில் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக அஸ்லான் ஷா ஹாக்கி அரங்கத்துக்குக் கூட்டிப் போனேன். 1983-இல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணப் போட்டி இப்போது அங்கேதான் நடந்து வருகிறது. இன்று பெரிய ஆட்டம் எதுவும் இல்லை. இளையோர் சிலர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். செயற்கைத் தரையில் தண்ணீர் பாய்ச்சி நனைத்த பிறகே ஆடுகிறார்கள். அப்போதுதான் பந்து தங்கு தடையின்றி ஓடும், விழுந்தவரின் தோலும் உரியாது. ஒரு பையன் கோலுக்கு நேரே இழுத்து வீசிய பந்து பலகையில் மோதிய ஓசையில், முன்வரிசையில் இருந்த மருமகள் பின்வாங்கினாள். அந்த வேகத்தைத் தொலைக்காட்சி காட்டுவதே இல்லை.

1975-இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தின் அரையிறுதியில் மலேசியா இந்தியாவைக் கிட்டத்தட்ட வீழ்த்திவிட்டது. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் அஸ்லாம் ஷேர் கான் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என்று வென்று, பிறகு கிண்ணத்தையும் வென்றது. எங்கள் வீட்டில் அப்பா மலேசியாவுக்கும் பெரியப்பா இந்தியாவுக்குமாகப் பிரிந்து நின்று, ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லையாம். 2010 இறுதியாட்டத்தை இதே அரங்கில் நானே பார்த்தேன், அல்லது பார்க்கப் போனேன் என்று சொல்ல வேண்டும். இந்தியாவும் தென்கொரியாவும் ஆடத் தொடங்கிய சில நிமிடங்களில் ஈப்போ மழை இறங்கி, கடைசியில் இரு அணிகளையும் வெற்றியாளர்களாக அறிவித்துவிட்டார்கள். நான் கேட்ட கதையைவிட மழைக்கதைதான் பிள்ளைகளுக்குப் பிடித்தது.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு

இன்றைய ஆட்டத்துக்குச் சீட்டு கிடையாது, அரங்கமும் கிடையாது. அண்ணனின் பழைய தோட்டத்துத் திடலில் தீபாவளியை ஒட்டி எழுவர் காற்பந்துப் போட்டி நடந்தது. ஒரு பக்கம் கோயில், ஒரு பக்கம் தமிழ்ப்பள்ளியின் பழைய கட்டடம், மற்ற இரு பக்கமும் செம்பனை. முதல் பரிசு ஓர் ஆட்டுக்கிடா. அது கோல் கம்பத்துக்குப் பின்னால் கட்டப்பட்டு, ஆட்டத்தைப் பார்க்காமல் புல்லைத் தின்றுகொண்டிருந்தது.

மலேசியக் காற்பந்தில் நம்மவர் பெயர்கள் பல. நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைக்கப்பட்ட கோல்காவலர் ஆர். ஆறுமுகம் 1988-இல் கார் விபத்தில் மறைந்தபோது தோட்டங்களில் அடுப்பு எரியவில்லை என்பார் அண்ணன். 2010-இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியா முதன்முறையாக வென்றபோது பயிற்றுநராக இருந்தவர் கே. ராஜகோபால். திடலோரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் இந்தப் பெயர்களை நேற்று ஆடியவர்களைப்போல் பேசினார்கள். ஆடுகளத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் இப்போது தோட்டத்தில் இல்லை. லாரி ஓட்டுகிறவர், ஈப்போவில் தொழிற்சாலைக்குப் போகிறவர், சிங்கப்பூரிலிருந்து இதற்காகவே பேருந்தில் வந்தவர். அண்ணன் தோட்டத்து அணியின் கோல்காவலர் வங்காளதேசத்திலிருந்து செம்பனைக் குலை வெட்ட வந்த இளைஞர். “அண்ணே, பின்னால ஆள்! பின்னால ஆள்!” என்று அவர் போட்ட சத்தம் சுத்தமான தோட்டத்துத் தமிழ்.

கயிறோ நாற்காலியோ இல்லாததால், பார்க்கிறவர்கள் கோட்டின்மேலேயே நின்றார்கள். பந்து வந்தால் விலகினார்கள், வேண்டியவர் காலில் பந்து இருந்தால் கொஞ்சம் மெதுவாக விலகினார்கள். மருமகன் அரை மணி நேரத்தில் யாருக்கு ஆதரவு என்று முடிவு செய்து தொண்டை கட்டிக்கொண்டான். இறுதியாட்டம் 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனபோது மணி ஏழைத் தாண்டி இருட்டத் தொடங்கியிருந்தது. மோட்டார்சைக்கிள்களைத் திருப்பி நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். நான்காவது பெனால்டியை லாரிக்காரர் அடித்த அடியில் பந்து கம்பத்தைத் தாண்டி, ஆட்டுக்கிடாவைத் தாண்டி, செம்பனைக்குள் போயிற்று. இன்னொரு பந்து அரையிறுதியிலேயே முள் குத்திக் காற்று இறங்கியிருந்தது.

செம்பனை வரிசைகளுக்கு நடுவே வெட்டிய மட்டைகளைக் குவித்து வைத்திருப்பார்கள். எலி அங்கேதான் இருக்கும், எலியைத் தேடிக் கருநாகமும் அங்கேதான் வரும். எலியைப் பிடிக்கவே சில தோட்டங்களில் கூகைகளுக்குப் பெட்டி கட்டி வளர்க்கிறார்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மருமகனும் மருமகளும் கைப்பேசி விளக்கோடு கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே இறங்கிவிட்டார்கள். முதல் மட்டைக் குவியல் சரசரத்ததும் கூட்டம் அப்படியே நின்றது. யாரும் அடுத்த அடி வைக்கவில்லை. பின்னாலிருந்து அந்தக் கோல்காவலர், கையுறையைக் கழற்றாமலே, குலை வெட்டும் நீளக் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். குவியலை மூன்று இடத்தில் தட்டினார், காது கொடுத்துக் கேட்டார், மறுபடி தட்டினார். பிறகு உள்ளே கைவிட்டுப் பந்தை எடுத்து, தன் சட்டையில் துடைத்து, தனக்கு எதிராக அடுத்த பெனால்டியை அடிக்கவிருந்த பையனின் கையிலேயே கொடுத்துவிட்டு, கோல் கம்பத்துக்கு ஓடினார்.

அந்த பெனால்டியை அவர் பிடித்துவிட்டார். ஆடு அண்ணன் தோட்டத்துக்கு வந்தது.